முசாபிரின் தூரம்

ஒன்பதாம் தரத்துக்குக் கதி, தூரம், நேரம் பற்றிய பாடம். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். இரத்மலானை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வான்வழியாக ஏறத்தாழ 330 கிலோமீற்றர். மணிக்கு 440 கிலோமீற்றர் கதியில் பறந்தால் எவ்வளவு நேரம் எடுக்கும்? 45 நிமிடம் என்று விடை வந்தது. கடைசி வாங்கில் ஒருவன் எழுந்தான்.

"சேர், முக்கால் மணித்தியாலத்தில போறதும் சபரா? அதுக்கும் கஸ்ரு தொழலாமா?"

வகுப்பே சிரித்தது. எங்கள் ஊரிலிருந்து கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தாண்டிக் கண்டி நகருக்குள் நுழையவே அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆனாலும் அவன் கேட்டது நல்ல கேள்வி.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 82 கிலோமீற்றர் தூரத்தை நாடிப் புறப்படுபவர் முசாபிர். அத்தூரத்தைக் கடலில் சிறிது நேரத்திலேயே கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவி 'மின்ஹாஜ்' நூலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஹனபி மத்ஹபினரோ மூன்று நாள் பயணத்தை அளவாகக் கொண்டார்கள். மர்ஹலாவும் ஒரு நாள் பயணத்திலிருந்து பிறந்த அளவுதான். அன்று தூரமும் நேரமும் இரட்டைப் பிள்ளைகள். எந்திரம் வந்துதான் அவற்றைப் பிரித்தது.

"கூடும்" என்று பையனுக்குப் பதில் சொன்னேன். எனக்குத்தான் பதில் போதவில்லை. அந்த 330 கிலோமீற்றர் எல்லாருக்கும் ஒரே தூரமாகவா இருந்தது? 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேருக்கும் அந்தக் குறுகிய பயணம் முடியவே இல்லை. கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது, 321 கிலோமீற்றர் வீதி கண்முன்னே கிடந்தும் யாழ்ப்பாணம் எட்டாத ஊராயிற்று.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என் அறைத் தோழர் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் அங்கிருந்த முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது அவர் சிறுவன். புத்தளத்தில் வளர்ந்தார். யுத்தம் முடிந்த பிறகு, 2010இல், உம்மாவோடு சொந்த ஊருக்குத் திரும்பினார். வெளியேற இரண்டு மணித்தியாலம், திரும்பிச் செல்ல இருபது வருடம். எந்தச் சூத்திரத்தில் இதைப் பிரதியிடுவது?

அவர் பலமுறை அழைத்தார். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோதும், "இனி எங்கட ஊர் தூரமில்ல, வாங்க மச்சான்" என்றார். நான் போகவில்லை. கடந்த வருடம் அவருடைய உம்மா மௌத்தானார். தொலைபேசியில் பேசினேன்.

"தூரம் மச்சான், ஜனாஸாவுக்கு வந்துசேர ஏலாது" என்றேன்.

"பரவாயில்ல, துஆ செய்ங்க" என்றார்.

பாதை மூடிக் கிடந்த காலத்தில் அது உண்மையான தடை. இன்று வீதி திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. இப்போது அந்தத் தூரத்தை உண்டாக்கியது நான். ஜனாஸாவுக்குப் போயிருக்க நேரம் போதாமலிருக்கலாம். அதற்குப் பிந்திய மாதங்களுக்கு என்ன சாட்டுச் சொல்வேன்? மார்க்கம் தொழுகையைச் சுருக்கித் தந்தது பயணம் போகிறவருக்கு. வீட்டிலிருந்துகொண்டே உறவைச் சுருக்கிக்கொள்ள எவருக்கும் சலுகை தரவில்லை.

வருகிற விடுமுறையில் பஸ் ஏறுவதாக நிய்யத்து. அந்தப் பையனின் கேள்விக்கு மீதி விடையைத் திரும்பி வந்து சொல்ல வேண்டும்.