மனையடியும் மனிதரும்

அண்மையில் கோப்பாயில் நண்பர் ஒருவரின் புதுமனைக்குச் சென்றிருந்தோம். வரவேற்பறை வாயிலில் சீனத்து மணித்தொங்கல் ஒலித்தது. மூலை மேசையில் சிரிக்கும் புத்தர் அமர்ந்திருந்தார். கண்ணாடிக் குவளையில் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ நின்றது. அது மூங்கிலினமே அன்று, நடு ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடி. வெளியே ஆனி மாதத்துச் சோளகம் வீசிக்கொண்டிருந்தது. அக்காற்று உள்ளே வரவேண்டிய தென்மேற்கு யன்னலைப் பெரிய அலுமாரி ஒன்று முழுதாக மறைத்திருந்தது. காரணம் கேட்டோம். அந்த மூலையிலே பாரம் இருக்கவேண்டும் என்று நிலையம் எடுத்த சாத்திரியார் சொன்னாராம். தலைக்கு மேலே மின்விசிறி வெப்பக்காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

நண்பர் விஞ்ஞானம் கற்பிப்பவர். அவரை நகையாடுதல் எமது நோக்கமன்று. நம்மில் பலருடைய வீட்டிலும் இத்தகைய அலுமாரி ஒன்று உண்டு. மனிதன் தன் வாழ்விடத்தை ஒழுங்குசெய்யும்போது எதற்கு அஞ்சுகிறான், யாரை எண்ணுகிறான் என்பதே எம்மை உறுத்திய கேள்வி.

‘பெங் சுயி’ என்ற சீனச் சொற்களுக்குக் காற்று, நீர் என்பதே பொருள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த குவோ பு என்பவரின் பெயரால் வழங்கும் அதன் பழைய நூல், பிணத்தை அடக்கும் இடத்தைப் பற்றியது. பின்னர் வீட்டுக்கும் அது விதியாயிற்று. வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாட்டிலே, முதுகுப்புறம் மலையும் முகப்புறம் தென்திசை வெயிலுமாக வீடமைத்தல் அறிவுடைமையே. யாழ்ப்பாணமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் கிடக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் எமது தலைக்கு நேரே வருகிறது. அங்கே காரணத்தோடு பிறந்த விதி, காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு, விற்பனைப் பொருளாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எமது நாற்சார் வீட்டிலும் அனுபவ அறிவு உண்டு. நடுமுற்றம் வெக்கையை மேலே போக்கியது; ஒளியையும் மழையையும் வீட்டுக்குள் கொணர்ந்தது. சோளகம் வீசும் மாதங்களில் தென்கிழக்கிலிருந்த அடுப்பின் புகையும் பொறியும் கிடுகுக் கூரையின்மேல் படராது கிழக்கே விலகின. இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது, வீடு கட்டிய தச்சனின் அறிவை இகழ்வதாகும்.

ஆயின் மனைநூல்கள் காற்றை மட்டுமா அளந்தன? ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதை வீட்டின் அகலத்தை வருணத்தால் அளக்கிறது. 32 முழத்தில் தொடங்கி, படிக்கு நான்கு முழமாகக் குறைத்து, 16 முழம் வரை இறங்குகிறது. மிகத் தாழ்ந்தோர்க்கு அதனினும் குறைவு. காற்றும் வெயிலும் வருணம் பார்ப்பதில்லை. நூல் பார்த்தது.

எமது பாட்டனாரின் வீடு குற்றமற்ற நிலையம் என்று ஊரவர் புகழ்ந்த வீடு. அவ்வீட்டின் விறாந்தையில் கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, எமது தோட்டத்தைக் கொத்திய முதியவர் முற்றத்து மண்ணிலே குந்தியிருந்து, தமக்கென ஒதுக்கிய பாத்திரத்தில் தேநீர் குடித்ததைச் சிறுவயதில் கண்டோம். நாமும் கதிரையிலிருந்தே அதைப் பார்த்தோம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966இல் சங்கானையிலும் 1968இல் மாவிட்டபுரத்திலும் எழுந்த போராட்டங்களும் தேநீர்க்கடையையும் கோயிலையும் திறக்கப் போராடின. வீட்டு விறாந்தையைத் திறக்கவேண்டியவர் வீட்டுக்காரரே. அவரோ மூலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். சாத்திரம் பார்த்து எழுப்பிய வீடுகளும் பாராது வேய்ந்த குடில்களும் அங்கே ஒன்றாகவே பாழாயின. 2009இல் போர் முடிந்த பின்னர், இந்திய உதவித் திட்டத்தில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தன. அத்தகைய வீடொன்றைப் பெற்ற விதவைத் தாய் ஒருவரை நாம் அறிவோம். மகளின் திருமணம் தள்ளிப்போயிற்று. குசினி பிழையான மூலையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். தாய் வாரத் தவணைக்குக் கடன் எடுத்துச் சுவரை இடித்துக் கட்டினார். கேட்ட சீதனத்தைக் கொடுக்க இயலாமையே தடை என்பதை ஊர் முழுதும் அறியும். குற்றவாளி என்று மூலையைப் பிடித்தார்கள், சீதனம் தப்பித்துக்கொண்டது. கடன் மாத்திரம் தாயிடம் தங்கியது.

இந்நம்பிக்கையின் பெருங்கேடு இதுவேயென்று கருதுகிறோம். மனிதர் மனிதருக்குச் செய்யும் தீங்கை அது சுவரின்மேல் ஏற்றிவிடுகிறது. சுவரை இடிக்கலாம், சீதனம் கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியதில்லை.

மற்றொன்று: மனையடி வேலியோடு நின்றுவிடுகிறது. கிணற்றுக்கு ஈசான மூலையைத் தேர்கிறோம். எமது ஈசானமோ அடுத்த வளவாருக்குத் தென்மேற்கு. வளவுகள் துண்டுபட்டுச் சுருங்கிய இந்நாளில், அவருடைய மலசலகூடக் குழி எமது கிணற்றுக்கு அருகே அமையக்கூடும். எமது குழி இன்னொருவர் கிணற்றுக்கு அருகே அமையக்கூடும். குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளுக்கூடே ஓடும் நீர் எந்த வேலியையும் அறியாது. எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரமும் மலக்கழிவும் அதற்குக் காரணங்கள். தன் வளவின் நலத்தை மட்டும் கணிக்கும் சாத்திரம், எல்லோருக்கும் பொதுவான நீரைக் காக்குமா?

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய சிறுபணி ஒன்றுண்டு. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே செல்வோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை, வேலிக்கு அப்பாலும் சேர்த்து, அளப்போம். சோளகம் எந்த யன்னலால் வருகிறது என்று மாணவரே கண்டு சொல்லட்டும்.

நண்பரிடம் அன்று அலுமாரியை நகர்த்தும்படி கேட்டோம். இருவருமாக நகர்த்தினோம். காற்று வந்தது. அப்பொழுது அவ்வீட்டுக்குச் சீமெந்து பூசிய மேசன் மீதிக்கூலி வாங்க வந்து, படியடியில் நின்றார். நண்பர் ஒரு கணம் தயங்கினார். பின்னர் யன்னலோரக் கதிரையைக் காட்டி, “அண்ணை, உள்ளே வந்து இருங்கோ” என்றார்.

அந்த ஒரு கணத் தயக்கம் எத்தனை நூற்றாண்டுப் பழமையானது! அதனை எந்தத் திசையிலும் வைக்கவேண்டாம், வீட்டைவிட்டே வெளியேற்றுவோம்.