பாதை செப்பனிடுவோர்

(ஆகமன கால 2-ம் ஞாயிறு)



இன்றைய சுவிசேஷத்தில் ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்தில் நின்றுகொண்டு, ஆண்டவர் வரப்போகிற வழியைச் சீர்ப்படுத்தும்படி ஜனங்களைக் கூப்பிடுகிறார். பள்ளத்தாக்கையும் குன்றையும் பற்றி இசையாஸ் தீர்க்கதரிசி சொல்லியிருந்ததையே அவர் எடுத்துக் காட்டுகிறார். ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு நமக்கு இது பழகிப்போன வாசகம். வழி என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் உடனே பாவசங்கீர்த்தனம், ஒறுத்தல், நல்ல ஆயத்தம் என்று ஞான அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறோம். அது தவறல்ல. ஆனாலும் தீர்க்கதரிசி எடுத்துக்கொண்ட உவமை மண்வெட்டியும் கூடையும் பிடித்தவனுடைய வேலை அன்றோ? அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தாலல்லவா உவமை விளங்கும்? ஆகையால் இன்று உங்களை ஒரு மலைப்பாதைக்கு அழைத்துப் போகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பாகத்தில் அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரம் மட்டும், அந்த மலைகளின் முதுகின்மேலே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. 14 மாநிலங்களைக் கடக்கும் அதன் நீளம் ஏறக்குறைய 2,190 மைல், அதாவது சுமார் 3,500 கிலோமீட்டர். வண்டி வாகனத்துக்கு அதில் வேலையில்லை. முழுவதும் நடப்பவர்களுக்கு ஐந்தாறு மாதம் செல்லும்.

இந்தப் பாதையைக் காப்பவர் யார்? பெரும்பாலும் கூலி வாங்காத மனிதர். பள்ளி ஆசிரியர், தச்சர், கணக்கர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர். சுமார் 30 சங்கங்களாக அவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்தச் சங்கத்துக்கு இத்தனை மைல் என்று பாகம் பிரித்து, அதற்குள்ளும் ஓர் ஆளுக்கோ ஒரு குடும்பத்துக்கோ சில மைல் என்று ஒப்புவிக்கிறார்கள். 1984-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கமே, பாதையின் பராமரிப்பை இவர்களுடைய தலைமைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டது. சர்க்கார் நிலத்தின் பராமரிப்பு தொண்டர் கையில் விடப்படுவது நம் காதுக்கு நூதனமாக இருக்கிறதல்லவா?

இனி வேலையைக் கவனியுங்கள். மலைப்பாதைக்குப் பெரிய சத்துரு காட்டுமிருகம் அல்ல, மனிதர் கால்களும் அல்ல. தண்ணீர்தான். மழை பெய்யும்போது தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போனால் தீங்கில்லை. பாதை வழியாகவே ஓட ஆரம்பித்ததோ, பாதை வாய்க்காலாகிவிடும். மண் கரைந்து, வேர் தெரிந்து, கல் தலைநீட்டும். நடப்பவன் காலைக் காப்பாற்றிக்கொள்ள ஓரமாக நடப்பான். ஓரத்துப் புல் செத்து அங்கேயும் மண் கரையும். சில வருஷத்தில் ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் அகலமான ஓடை கிடக்கும்.

இதற்கு அவர்கள் செய்யும் பரிகாரம் வெகு எளிது. சரிவான இடங்களில் ஒரு மரத்துண்டையோ ஒரு வரிசைக் கற்களையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பதிக்கிறார்கள். இறங்கி வரும் தண்ணீர் அதில் முட்டி, சாய்வின் வழியே பக்கத்துச் சரிவில் இறங்கிவிடும். நேர் குறுக்காகப் பதித்தால் தண்ணீர் தேங்கி மேலே வழியும், ஆகையால் சாய்வு வேண்டும். சாமர்த்தியம் அவ்வளவே. ஆனால் அந்தத் தடுப்பின் மேல்பக்கத்தில் சருகும் வண்டலும் சேர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது ஒருவன் ஏறிப்போய் அதை அள்ளிப் போடாவிட்டால், தண்ணீர் தடுப்பைத் தாண்டிப் பழையபடி பாதையில் ஓடும். எனவே, மலைக்குப் போகும் தொண்டன் செய்வதில் பெரும் பங்கு, போன தடவை அள்ளிய சருகையும் சேற்றையும் இந்தத் தடவை மறுபடி அள்ளுவது.

நாம் சாவான பாவத்துக்குப் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியதே. அற்பப் பாவங்களைப் பற்றியோ, அவை சருகுதானே என்று இருந்துவிடுகிறோம். வீட்டில் ஒரு கடுஞ்சொல், காலை செபத்தில் ஒரு சோம்பல், அயலானிடத்தில் ஒரு சிறு பொறாமை. சருகு பாதையைக் கெடுப்பதில்லை, மெய்தான். தண்ணீர் வெளியேறும் வாயை அது அடைக்கிறது. பிறகு வருகிற ஒரே ஒரு பெருமழை போதும். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று திருச்சபை ஏன் புத்தி சொல்லுகிறது, போன மாதம் சொன்ன பாவத்தையே இந்த மாதமும் சொல்ல வெட்கமாயிருக்கிறதே என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மலையில் மண்வெட்டியோடு நிற்கும் அந்த மனிதனிடம் இதைக் கேட்டிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

மரம் விழுவது இன்னொரு தொல்லை. அந்த மலைகளில் சில காடுகளை மனிதன் கைபடாத இடமாக வைத்திருக்க வேண்டுமென்று 1964-ம் ஆண்டில் சட்டம் செய்திருக்கிறார்கள். அங்கே இயந்திர ரம்பம் கூடாது. பழைய காலத்து இரண்டாள் ரம்பத்தால்தான் அறுக்கவேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. இருவரும் தன் முறைக்கு இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் அலகு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். மற்றவன் இழுக்கும்போது கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்கத் தெரியவேண்டும். கலியாணமானவர்கள் இதைப்பற்றி வீட்டில் யோசித்துக்கொள்ளட்டும், நான் விவரிக்கப் போவதில்லை.

இந்தப் பாதை எப்படி உண்டாயிற்று என்பதும் கேட்கத் தகுந்ததே. 1921-ம் ஆண்டில் மனைவியை இழந்து துயரத்திலிருந்த பென்டன் மக்கை என்பவர் ஒரு கட்டுரை எழுதி இந்த யோசனையை வெளியிட்டார். பட்டணத்து ஆலைகளிலும் ஆபீசுகளிலும் வாடுகிற ஜனங்கள் மூச்சு விட்டுக்கொள்ள மலைமேல் ஒரு நீண்ட வழி வேண்டுமென்பது அவருடைய கனவு. 1925-ல் சங்கமும் கூடிற்று. ஆனால் கனவு கட்டுரையாகவே கிடந்திருக்கும், மைரன் ஏவரி என்ற வாஷிங்டன் வழக்கறிஞர் வராதிருந்தால். இவர் சைக்கிள் சக்கரத்தால் செய்த அளவுகோலை உருட்டிக்கொண்டு மலைமலையாக நடந்தார். சங்கங்களைக் கூட்டினார், வழி வெட்டினார், அடையாளம் பூசினார். 1937-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மெய்ன் மாநிலத்தில் கடைசித் துண்டு இணைந்து பாதை பூர்த்தியாயிற்று.

அதற்குள் அந்த இருவரும் விரோதிகளாகியிருந்தார்கள். வர்ஜீனியாவில் மலைமுகட்டின்மேல் மோட்டார் சாலை போட அரசாங்கம் முனைந்தபோது, கூடவே கூடாது என்றார் மக்கை. சாலையைத் தடுக்க முடியாது, பாதையைத் தள்ளிப் போட்டுக்கொள்வோம் என்றார் ஏவரி. கடுமையான கடிதங்கள் நடந்தன. அதன்பின் அவர்கள் சமாதானமாகவே இல்லை. ஏவரி 1952-ல் தம் 52-ம் வயதில் இறந்தார். மக்கை 96 வயது வரை இருந்து 1975-ல் இறந்தார். இருவரில் யார் கட்சி நியாயம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. நான் ஏவரியின் வேலையை மெச்சுகிறேன், மக்கையின் மன வருத்தமும் எனக்கு விளங்குகிறது. என் மனதை உறுத்துவது வேறு. ஒரே பாதையை இவ்வளவு நேசித்த இரண்டு பேர் அந்தப் பாதையில் ஒருவரையொருவர் பார்த்துக் கைகொடுக்காமலே போய்விட்டார்களே! கோவில் காரியத்துக்காக உழைத்து, கோவில் காரியத்தாலேயே பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் நம் பங்கிலும் இருக்கின்றன. யாரென்று உங்களுக்கே தெரியும்.

பூர்த்தியான பாதை பூர்த்தியாகவே இருந்ததா? 1938-ம் ஆண்டு செப்டம்பரில் வடகிழக்கு மாநிலங்களில் பெரும்புயல் அடித்து மரங்களைச் சாய்த்தது. பிறகு யுத்தம் வந்தது. வாலிபர் போர்முனைக்குப் போனார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு மலையடிவாரம் போய்ச்சேரப் பெட்ரோல் கிடைக்கவில்லை. சில வருஷம்தான். முள்ளும் புதரும் மூடிவிட்டன, மரங்களில் பூசிய அடையாளம் மங்கிவிட்டது. 1948-ல் ஏர்ல் ஷாஃபர் என்னும் வாலிபர் அங்கே வந்தார். யுத்தத்தில் பிராண சிநேகிதனைப் பறிகொடுத்து, மனம் நிலைகொள்ளாமல், நடந்தாவது ஆறுதல் காண்போம் என்று புறப்பட்டவர். கையில் பாதைப் புத்தகம் இல்லை. பல இடங்களில் வழியைத் தேடித் தேடியே நடந்து 124 நாளில் முடித்தார். ஒரே மூச்சில் முழுப் பாதையையும் நடந்ததாக அறியப்பட்டவர்களில் அவரே முதல்வர். முதலில் சங்கத்தாரே நம்பத் தயங்கினார்கள். பிறகு அவர் நடந்த செய்தியைக் கேட்டே பல பேர் மறுபடி மண்வெட்டியை எடுத்தார்கள்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஏறக்குறைய பதினைந்து வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய பாதையைப் புதர் மூடச் சில வருஷம் போதுமாயிருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை. யாரும் போகவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் இராச்செபமும் செபமாலையும் எப்படி நின்றுபோயின? வேண்டாமென்று ஒருவரும் தீர்மானம் பண்ணவில்லை. ஒரு பரீட்சைக் காலம், ஒரு வேலை மாற்றம், டெலிவிஷன், கைப்பேசி என்று ஏதோ ஒன்று வந்தது. சில நாள் விட்டது சில வருஷமாயிற்று. இப்பொழுது உங்கள் மகனுக்குத் துக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனும் ஷாஃபரைப்போல ஆறுதல் தேடி வருவான். அவன் கால்வைக்க வழி தெரியவேண்டுமே! அந்தப் பாதையில் மரத்துக்கு மரம் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமான வெள்ளைப் பட்டை பூசியிருக்கும். வழி திரும்பும் இடத்தில் இரண்டு பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி எத்தனை பட்டை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இது புறத்தியார் கதைதானே என்று நினைக்கவேண்டாம். வழி செப்பனிடுவதையே புண்ணியமாகச் செய்து அர்ச்சியசிஷ்டரானவர் திருச்சபையில் உண்டு. ஸ்பெயின் தேசத்து அர்ச். தோமிங்கோ தெ லா கல்சாதா. (செபமாலையோடு நாம் நினைக்கும் அர்ச். சாமிநாதர் வேறு.) சந்நியாச மடத்தில் சேரப்போய், ஏற்றுக்கொள்ளப்படாமல் திரும்பினார் என்பது பாரம்பரியம். காட்டில் தபசியாயிருந்த அவர், அர்ச். பெரிய யாகப்பர் கல்லறைக்குச் சந்தியாகோ நகர் நோக்கிப் போகும் யாத்திரிகர் படும் பாட்டைக் கண்டு, காட்டை வெட்டிச் சாலை போட்டார், ஓகா ஆற்றுக்குப் பாலம் கட்டினார், சத்திரம் வைத்தார். 1109-ல் மரித்தார். ஸ்பெயினில் சாலையும் பாலமும் கட்டும் பொறியாளருக்கு அவரே பாதுகாவலர்.

அதே யாத்திரை வழி நம் காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குக் குருவான எலியாஸ் வலீஞா சுவாமி, 1984-ல் தம் சிறு காரில் மஞ்சள் வர்ணத்தை ஏற்றிக்கொண்டு, பிரெஞ்சு எல்லை மலைகள் தொடங்கி வழிநெடுக அம்புக்குறி பூசினார். இவர் என்ன செய்கிறார் என்று போலீசார் விசாரித்தபோது, பிரான்சிலிருந்து ஒரு பெரும் படையெடுப்புக்கு ஏற்பாடு செய்வதாகப் பதில் சொன்னாராம். 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு பேரே நடந்து முடித்த அந்த யாத்திரையில், 2024-ல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சுவாமியோ 1989-லேயே இறந்துவிட்டார். படையெடுப்பை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

நம்மிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. அஸ்திவாரக் கல் நாட்ட ஆள் உண்டு, உபயதாரர் பெயர் பொறிக்கக் கல்லும் உண்டு. திருவிழாவுக்குப் பந்தல் போட வாலிபர் ஓடி வருகிறார்கள், அவர்களுக்கு மோட்சம் கிடைக்கட்டும். மறுநாள் காலையில் வாழைமட்டையையும் காகிதத் தோரணத்தையும் அள்ளுகிறவர்கள் வழக்கம்போல அதே மூன்று நான்கு கிழவிகள். அப்பலாச்சியன் மலையில் சருகு அள்ளுகிறவனுக்குக் கல்வெட்டு இல்லை. அவன் வேலை நன்றாயிருந்தால் நடப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீர் ஓடாத பாதையைப் பார்த்து யார் நன்றி சொல்லுவார்கள்? அவர்களில் பலருக்கு நம் விசுவாசம் இல்லை. நமக்கோ, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா ஒருவர் இருக்கிறார் என்று சேசுநாதர் சுவாமி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் பெயர்ப்பலகை கேட்கிறோம்.

2024-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஹெலீன் என்ற புயல் அந்த மலைகளின் தென்பாகத்தைச் சூறையாடியது. டென்னெசி மாநிலத்து எர்வின் ஊரருகே நோலிச்சக்கி ஆறு பெருக்கெடுத்து, பாதை கடந்துபோகும் பாலத்தையே அடித்துப்போயிற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் பாதையில் குறுக்கே கிடந்தன. அந்தச் சங்கத்தாரில் பலருடைய சொந்த ஊர்களும் சேற்றில் கிடந்தன. அவர்கள் முதலில் அயலாரைக் கவனித்தார்கள், பிறகு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். 2025-ன் வசந்த காலத்தில் தெற்கிலிருந்து புறப்பட்டவர்களுக்குப் பாதையின் பெரும்பகுதி திறந்திருந்தது. பாலம் போன இடத்தில் யாத்திரிகர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். இலையுதிர் காலம் வந்தது, தடுப்புகளில் மறுபடி சருகு நிறைந்தது, அவரவர் தம் தம் மைலுக்கு மண்வெட்டியோடு திரும்பப் போனார்கள்.