கேட்காத ஊர்

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாய்ப் பினாங்குப் பாலத்தில் காடிகள் வரிசை பிடித்துவிடும். கோலாலம்பூர், ஈப்போ, அலோர் ஸ்டார் என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து இறங்கும். ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்க ஒரு வரிசை, நாசி கண்டார் கடை வாசலில் ஒரு வரிசை, கொடிமலை ரயிலடியில் இன்னொரு வரிசை. உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் அன்றைக்கு மல்லித்தூள் வாங்கக்கூட டவுன் பக்கம் தலைகாட்ட மாட்டோம். ஊரார் ஆசைப்பட்டுப் பார்க்க வரும் இடத்தில் குடியிருக்கிறோம் என்பது எங்களுக்கு ஞாபகம் வருவதே நெரிசலைத் திட்டும்போதுதான்.

அப்படியொரு சனிக்கிழமை, வீட்டில் அடைந்து கிடந்த என் தங்கை மகன் கைப்பேசியை நீட்டினான். பனிமலை, நீல ஏரி, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி.

"மாமா, நீங்க படிக்கிறப்போ இங்க போயிருக்கீங்கதானே? அங்க இருக்கிறவங்கல்லாம் குடுத்து வச்சவங்க. நம்ம ஊர்ல என்னா இருக்கு?"

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பையன். ஏரியைக் காட்டி அவன் கேட்டது, இனி எங்கே போய் வாழ்வது என்பதைத்தான். இந்த வயதில் எல்லாரும் கேட்கிற கேள்வி. ஓர் ஊரில் வாழ்வது, ஓர் ஊரைப் பார்ப்பது, இந்த இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொண்டு அதற்குப் பதில் தேடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவன் காட்டிய ஏரி லுசேர்ன். நான் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. காலையில் கிளம்பி பாசெலில் ரயில் மாறினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். சுவிஸ் விலைவாசி மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் எல்லாவற்றையும் ஜெர்மன் பக்கமே வாங்கி முதுகுப்பையில் திணித்துக்கொண்டு எல்லை தாண்டுவோம். தண்ணீருக்குக் காசு வேண்டாம், தெருமுனைக் கல்தொட்டியில் விழுவதைப் பிடித்துக் குடிக்கலாம்.

லுசேர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரி. பழைய நிலையம் 1971-இல் எரிந்துபோனது. அதன் முகப்பு வளைவை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பிலாத்துஸ் மலை, தண்ணீருக்கு அப்பால் ரிகி மலை. ரிகியில் 1871-லேயே பல்சக்கர ரயில் ஓடியிருக்கிறது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். ஏரியிலிருந்து ராய்ஸ் ஆறு பிரியும் இடத்தில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலம், தலைக்கு மேல் கூரையோடு கோணலாக ஆற்றைக் கடக்கிறது. கூரையடியில் முக்கோணப் பலகைகளில் ஊர்க்கதைகளை ஓவியமாக எழுதியிருக்கிறார்கள். துறையில் 1901-இல் கட்டிய 'ஊரி' என்ற நீராவிக் கப்பல், பக்கவாட்டுச் சக்கரம் தண்ணீரை அடிக்க, இன்னமும் ஆள் ஏற்றிப் போகிறது.

கரையில் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன். ஓர் அன்னம் கால் அருகே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. இங்கேயே இருந்துவிடலாம் என்று மனசு சொன்னது. மலையும் தண்ணீரும் செய்கிற மாயம் இது என்றுதான் அப்போது நம்பினேன்.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் தமிழ் எழுத்துப் பலகை கண்ணில் பட்டது. இலங்கைத் தமிழர் கடை. உள்ளே வறுத்த மிளகாய்த்தூள் வாசம், பெட்டியில் முருங்கைக்காய், குளிர்பெட்டியில் பரோட்டா. கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

"பினாங்கு, அண்ணே. மலேசியா."

"அட, கடலுக்கு நடுவில இருந்து வந்து இஞ்ச ஏரி பாக்கிறீரோ?"

சிரித்தார். எண்பதுகளின் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதலில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவியிருக்கிறார், பிறகு அங்கேயே சமையல், பிறகு சொந்தக் கடை. ஏரிக்கரையில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதும் கையை விரித்தார்.

"காலமை வேலைக்குப் போகேக்க இருட்டு, திரும்பி வரேக்கையும் இருட்டு. ஏரி எங்க ஓடிப்போகப் போகுது எண்டு விட்டாச்சு."

பிறகு அந்த ஊரில் இருப்பதென்றால் என்னவென்று அடுக்கினார். அடுக்குமாடியில் துணி தோய்க்கும் அறை பொது, அவரவருக்கு முறைநாள் உண்டு, தவறினால் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டுவாள். குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய ஊராட்சிப் பையில்தான் கட்டி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்கும். பனி கொட்டினால் கடை வாசலை அவரே வழிக்க வேண்டும். மொழி படிக்க வேண்டும், விசா புதுப்பிக்க வேண்டும், பிள்ளைகளுக்காக மாதத்துக்கு ஒரு தடவையாவது தமிழ்ப் பள்ளியில் நின்று உதவ வேண்டும். குறையாக எதையும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வீட்டு வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படி உழைத்தவர்களையும் தன்னவர் என்று ஏற்க அந்தப் பக்கத்து ஊர்கள் எளிதில் சம்மதித்துவிடவில்லை. லுசேர்னை ஒட்டிய எம்மன் என்ற ஊரில், யாருக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்று 2000-இல் ஊர் மக்களே வாக்குப்பெட்டியில் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். விண்ணப்பித்த முன்னாள் யூகோஸ்லாவியக் குடும்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அந்த முறை செல்லாது என்று 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று.

அன்றிரவு லுசேர்னிலேயே ஓர் இளைஞர் விடுதியில் படுத்தபடி யோசித்தேன். அதே ஏரி, அதே மலை. கடைக்காரருக்கு இறங்காத பாரம் எனக்கு மட்டும் எப்படி இறங்கியது? அந்த ஊர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை, கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. நான் ரசித்ததில் பாதி ஏரியின் அழகு. மறுபாதி, ஒரு கடமையும் இல்லாத மனிதன் அடையும் நிம்மதி. அந்த நிம்மதியையும் ஏரியின் கணக்கில் எழுதிவிட்டோம் என்றால், வீடு திரும்பியதும் சொந்த ஊர் அசிங்கமாகத் தெரியும்.

மறுநாள் சிங்கத்தைப் பார்க்கப் போனேன். செங்குத்தான பாறையில் குடைந்து செதுக்கிய, ஈட்டி பாய்ந்து உயிர் விடும் சிங்கம். டென்மார்க் சிற்பி தொர்வால்ட்சன் வடிவமைத்து, 1821-இல் திறந்தது. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பிரெஞ்சு அரசனின் மாளிகையைக் காத்து நின்று மடிந்த சுவிஸ் காவலர்களின் நினைவுச்சின்னம். சுவிஸ்காரன் பிரெஞ்சு அரசனுக்காக ஏன் சாக வேண்டும்? சம்பளத்துக்கு. மலைச்சரிவில் மாடு மேய்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட முடியாத காலத்தில், அந்த நாடு நூற்றாண்டுக்கணக்கில் தன் பிள்ளைகளை அயல் அரசர்களின் படைக்குக் கூலிக்கு அனுப்பியது. இன்று நாம் அழகென்று படம் எடுக்கும் அதே சரிவுகள் அன்று அவர்களைப் பசியோடு துரத்தியிருக்கின்றன. அந்தச் சிங்கம் பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு ஊர் எழுப்பிய நடுகல்.

நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குத் துறைக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளை நான். அந்தக் கல்லின் முன் நின்றபோது சுவிஸ் எனக்குச் சொர்க்கமாகத் தெரியவில்லை, சொந்தக்காரர் வீடாகத் தெரிந்தது. என் பாட்டனாருக்குக் காவிரிக் கரை அப்படித்தான் இருந்திருக்கும். தண்ணீர் ஓடும், நெல் அசையும், வயிறு காயும். வழிப்போக்கன் நின்று பார்த்தால் 'என்ன அழகு' என்றுதான் சொல்லியிருப்பான்.

பினாங்கு என்னிடம் என்ன கேட்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் கிட்டங்கித் தெருவின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். தண்ணீர்மலை அடிவாரத்துச் செட்டியார் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் சனம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கும். இந்தியர், சீனர் என்ற பேதம் அந்தக் குவியலில் இல்லை. ஓடு தெறித்துத் தண்ணீர் சீறும் அந்த நொடியைப் பிடிக்க வெளிநாட்டுக் கேமராக்கள் காத்திருக்கும். ரதம் தாண்டிப் போனதும் கேமராக்களும் அதோடு போய்விடும். பின்னால் சாலையில் கணுக்கால் அளவுக்குத் தேங்காய்ச் சில்லு, வழுக்கும் ஈரம், புளித்த வாசம். மண்வாரிகளும் லோரிகளும் வந்து நிற்கும். பதின்ம வயதில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் அங்கே துடைப்பம் பிடித்திருக்கிறோம். கை கொப்பளிக்கும், காலில் ஓடு குத்தும். எங்கள் தைப்பூசத்தில் அந்தக் கொப்பளமும் சேர்த்திதான்.

லுசேர்னிலும் அதே கதைதான். அந்த மரப்பாலம் 1993 ஆகஸ்ட்டில் ஓர் இரவில் தீப்பிடித்துப் பெரும்பகுதி கருகிப்போனது, ஓவியங்களில் பலவும் போயின. அடுத்த ஆண்டே மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். நான் நடந்து போன பலகைகளில் பல, என்னைவிட வயதில் சிறியவை. பார்க்க வந்தவனுக்கு அது அறுநூறாண்டுப் பழமை, ஊர்க்காரனுக்கு அது போன வருடத்து மராமத்து.

கேட்பதை நிறுத்திவிட்ட ஊர் என்ன ஆகும் என்பதையும் ஜார்ஜ் டவுனில் பார்த்துவிட்டோம். வீட்டு வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி முதல் நாள் முடிவுக்கு வந்தது. பழைய டவுனில் தலைமுறைகளாகக் குடியிருந்த வாடகைக் குடும்பங்கள், ஏறிய வாடகையைத் தாங்க முடியாமல் மூட்டை கட்டின. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து எங்கள் ஊரையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. சுவர்கள் மினுங்கின, விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. மாலையில் ஐந்தடி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'எங்கடா போற?' என்று கேட்க ஆள் குறைந்துபோனது. அந்தக் கேள்வி அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. கேட்க ஆளில்லாத தெருவில் இரவு நடக்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

இதையெல்லாம் சொல்லி, ஊரை விட்டுப் போகாதே என்று பையனை மடக்க எனக்கு விருப்பமில்லை. கேட்பதை மட்டுமே தெரிந்த ஊர்களும் உண்டு. கொடுத்ததற்கு ஈடாக ஒரு வேலைகூடத் தராத ஊர், பெண்பிள்ளை வாசல் தாண்டினால் நூறு கேள்வி கேட்கும் ஊர், அந்தக் கடைக்காரர் ஊரைப்போல உயிரையே கேட்ட ஊர். அங்கிருந்து கிளம்புவதில் குற்றமே இல்லை. என் பாட்டனாரும் கிளம்பியவர்தான். ஆனால் கிளம்பியவர்கள் யாரும் கேட்காத ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. வேறு விதமாகக் கேட்கும் ஊருக்குப் போனார்கள். துணி தோய்க்கும் முறைநாளும் தமிழ்ப் பள்ளியும் பனி வழிக்கும் மண்வாரியும் சேர்ந்துதான் லுசேர்னை அந்த மனிதருக்குச் சொந்த ஊராக்கின.

வார இறுதிப் பயணம் வீண் என்றும் சொல்லமாட்டேன். மாணவப் பருவத்தில் அது அவசியம். ஒரு ராத்திரியாவது யாரும் நம்மிடம் எதுவும் கேட்காத இடத்தில் தூங்கி எழுந்தால்தான், எதைச் சுமக்கிறோம் என்பதே தெரியவரும். சிலது வேண்டாத சுமை, திரும்பி வந்ததும் இறக்கி வைத்துவிடலாம். சிலதை இறக்கினால் நாமே காணாமல் போவோம்.

பினாங்கில் இருந்துகொண்டும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். கொடிமலை ரயில் 1924 புத்தாண்டு நாளில் முறைப்படி திறக்கப்பட்டது. 2011-இல் அதைப் புதுப்பித்தபோது வந்த பெட்டிகள் சுவிஸ் தயாரிப்பு. ஆல்ப்ஸ் மலையின் கைவேலை ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறது, அதில் ஏறத்தான் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேலைநாள் காலையில் போனால் கூட்டமிருக்காது. மேலே அருளொளித் திருமுருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு விளிம்பில் நின்று பார்த்தால், நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த், கீழே நம் வீட்டுக் கூரை இருக்கும் திசை. அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பிள்ளையாக, மாமாவாக, வாடிக்கையாளராக இல்லாமல் இருந்து பார்க்கலாம். நம் ஊரும் அவ்வளவு நேரம் லுசேர்ன் ஆகும்.

எந்த ஊர் அழகு என்று பார்த்து வாழுமிடத்தைத் தேர்ந்தால், கடைசிவரை சுற்றுலாப் பயணியாகவே இருக்க வேண்டியதுதான். அழகு இரண்டு மழைக்காலம் போவதற்குள் பழகிவிடும், அதற்குப் பிறகு மிஞ்சுவது அந்த ஊர் நம்மிடம் கேட்பவை. இருபத்திரண்டு வயதில் ஒருவன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: எந்த ஊர் கேட்டால், முகம் சுளிக்காமல் எழுந்து போய்ச் செய்ய எனக்கு மனம் வரும்? பதில் பினாங்காக இருக்கலாம், சிங்கப்பூராக இருக்கலாம், ஏதோ ஓர் ஏரிக்கரையாகவும் இருக்கலாம். அது எதுவானாலும், போய் இறங்கியதும் அங்கே ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டால் சரி.