உறையின் மேல் எழுதும் பெயர்

நிக்காஹ் அழைப்பிதழ் அச்சாகி வீடு வந்து சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் சிக்கல் அப்போதுதான் ஆரம்பமாகிறது. உறையின் மேல் பெயர் எழுத வேண்டும். யாருக்கு 'ஹாஜி' போடுவது? யாருக்கு 'ராவுத்தர்' சேர்ப்பது? பட்டம் பெற்றவருக்குப் பட்டத்தை எழுதுவதா, விடுவதா? மனைவியின் பெயரையும் எழுதலாமா, 'குடும்பத்தினர்' என்று முடித்துவிடலாமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கிறார்கள். அங்கே ஓர் எழுத்து விடுபட்டாலும் மனவருத்தம் வந்துவிடுகிறது. "என் பெயரை மொட்டையாக எழுதிவிட்டான்" என்று சொல்லி நிக்காஹுக்கு வராமலே இருந்துவிடுபவர்களும் உண்டு.

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர் மனிதனின் கண்ணியத்தோடு சேர்ந்தது. பிறரைப் பழித்துப் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹுத்தஆலா திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருக்கிறான். அதே அத்தியாயத்தில் அடுத்தடுத்து, கோத்திரங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் உடையவரே அவனிடம் மேலானவர் என்றும் அறிவிக்கிறான். அறிந்துகொள்ள ஒரு பெயர் வேண்டும். உயர்த்திக்கொள்ள அது கருவியாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைதான் நம் கேள்வி.

விடையை ஹுதைபிய்யாவில் தேடுவோம். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-ல், மக்கத்துக் குறைஷியரோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. எழுதியவர் ஹஜ்ரத் அலீ (ரலி). நாயகத்தின் திருப்பெயரோடு 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதினார். குறைஷியரின் பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ர் மறுத்தார். அப்படி நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் உங்களைத் தடுத்திருப்போமா, தந்தையின் பெயரோடு எழுதுங்கள் என்றார். அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே அதை அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதச் செய்தார்கள். உலகில் எந்த மனிதருக்கும் அதைவிட உயர்ந்த பட்டம் இருக்க முடியாது. அந்தப் பட்டமே ஒரு சமாதானத்துக்காகக் காகிதத்திலிருந்து நீக்கப்பட்டது. அதனால் தூதுத்துவம் அணுவளவும் குறைந்துவிடவில்லை.

இதோடு இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோமச் சக்கரவர்த்தி ஹிர்கலுக்கு அனுப்பிய கடிதத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை அல்லாஹ்வின் அடியார் என்றும் அவனுடைய தூதர் என்றும் குறிப்பிட்டார்கள். ஹிர்கலையோ ரோமர்களின் மாபெரும் தலைவர் என்று கண்ணியமாகவே விளித்தார்கள். அவர் இஸ்லாத்தை ஏற்றவரல்லர். ஆனாலும் மக்களிடையே அவருக்கிருந்த அந்தஸ்தை மதித்தார்கள்.

இரண்டையும் சேர்த்தால் நமக்கு ஓர் ஒழுக்கம் கிடைக்கிறது. தன் பட்டத்தைத் தானே விட்டுக்கொடுப்பது பணிவு. பிறருடைய பட்டத்தை நாம் விட்டுவிடுவது பணிவாகாது. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. அழைப்பவர் தம் பெயருக்கு முன்னும் பின்னும் அடைமொழிகளை அடுக்கி அச்சிடுகிறார். அழைக்கப்படும் ஏழைக்கு வெறும் பெயரை எழுதி அனுப்புகிறார்.

ஹஜ் ஒரு கடமை. தொழுதவர் 'தொழுகையாளி' என்று பெயரோடு போட்டுக்கொள்வதில்லை. ஜகாத் கொடுத்தவரும் அப்படி எதையும் சேர்ப்பதில்லை. அழைப்பிதழில் நம் பெயருக்கு முன்னால் நாமே 'ஹாஜி' என்று அச்சிடும்போது, அந்த அமலை யாருக்குக் காட்டுகிறோம் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஹஜ் செய்த முதியவர் ஒருவருக்கு நாம் எழுதும் உறையில் அன்போடு அதைக் குறிப்பிட்டால் அது மரியாதையே.

'ராவுத்தர்' என்பதற்குக் குதிரை வீரர் என்று பொருள். நம் முன்னோரின் தொழிலை நினைவூட்டும் சொல் அது, குற்றமுள்ள சொல்லல்ல. அரசுச் சான்றிதழ்களிலும் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்ற பெயர்கள் தேவைப்படுகின்றன. ஆனால் 'அவர் ராவுத்தர், இவர் லெப்பை' என்று தரம் பிரித்து, கொள்வினை கொடுப்பினையில் ஒருவரை ஒருபடி இறக்கிப் பார்க்க அது பயன்படுமானால், ஜாஹிலிய்யத்தின் வாடை நம் உறையில் வீசுகிறது என்று பொருள்.

பெயரின் பேரால் என்ன நேரும் என்பதை இந்த விருதுநகர் மாவட்டம் பட்டறிந்திருக்கிறது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டிய பெயரை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அதன் பிறகு அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை நீக்கியது. காமராசர் மாவட்டம் என்று வழங்கியது விருதுநகர் மாவட்டமானது அப்போதுதான்.

மாற்றுமத அண்டை வீட்டாருக்கும் நாம் அழைப்பிதழ் கொடுக்கிறோம். ராஜபாளையத்தில் 'ராஜா' என்ற சொல் பலருடைய பெயரோடு ஒன்றிப்போனது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா அவ்வூர்க்காரர். அந்தச் சொல்லை நாமாக வெட்டினால் பெயரே குறைபட்டதாகிவிடும். இன்னொரு பக்கம், 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பெயர்களை விட்டொழிப்பதென்று தீர்மானித்தார்கள். அவ்வழியில் பட்டத்தை விட்டவருக்கு அதைத் திரும்ப ஒட்டுவதும் அவமதிப்பே. ஆகவே, அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவது நேர்மை.

இனி, தம்பதியர் விஷயம். அன்னையர் கதீஜா, ஆயிஷா, ஹஃப்ஸா (ரலி) மூவரும் இன்றுவரை குவைலிதின் மகள், அபூபக்கரின் மகள், உமரின் மகள் என்றே அறியப்படுகிறார்கள். நாயகத்தை மணந்தபின்னும் அவர்களுடைய பெயர் மறையவில்லை. ஒருமுறை ஜைனப் என்ற பெண்மணி நாயகத்தின் வீட்டு வாசலில் அனுமதி கேட்டபோது, எந்த ஜைனப் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இப்னு மஸ்ஊதின் மனைவி என்று பதில் வந்தது. கணவரைச் சொல்லி அடையாளம் காட்டுவது தவறில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அங்கே ஜைனப் என்ற பெயர் முதலில் நின்றது. நம் உறைகளிலோ பல சமயம் அந்தப் பெயரே இல்லை. 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் அவள் ஒளிந்துகொள்கிறாள். இருவர் பெயரையும் எழுதுங்கள். ஒருவரின் பட்டத்தை எழுதினால் மற்றவரின் பட்டத்தையும் எழுதுங்கள். கணவர் படிக்காதவராக இருந்து மனைவி டாக்டராக இருந்தாலும், இருவருக்கும் மரியாதை குறையாதபடி எழுதுவதே பண்பு.

பெண்களின் பெயருக்கு முன் சிலர் 'ஜனாபா' என்று போடுகிறார்கள். 'ஜனாப்' என்பதற்குப் பெண்பால் என்று கருதியே போடுகிறார்கள். ஆனால் அரபியில் அந்தச் சொல் குளிப்புக் கடமையான நிலையைக் குறிக்கும். மரியாதைக்காகப் போடும் சொல் இப்படிப் பொருள்படலாமா? 'சகோதரி' என்றோ 'திருமதி' என்றோ எழுதினால் போதும்.

கடைசியாக ஒன்று. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்து மிகக் கெட்ட உணவு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அடைமொழிகள் எத்தனை சரியாக இருந்தாலும், பெயர்ப் பட்டியலில் ஏழை உறவினர் விடுபட்டிருந்தால் எல்லாம் வீண். பெயரைத் தவறாக எழுதிவிட்டால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யலாம். எழுதாமலே விட்டுவிட்டால் என்ன செய்வது?

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களிலிருந்து பெருமையை நீக்கி, பிறரைக் கண்ணியப்படுத்தும் பண்பை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.