புரியாமல் பார்த்த காடு

கிச்சியின் நிறம் செம்பழுப்பு என்பது எனக்கு அண்மையில்தான் தெரிந்தது. ‘மோக்லி’ கார்ட்டூன் தொடரில் அவன் காலைச் சுற்றிக்கொண்டு திரியுமே, அந்தக் குட்டிப் பிராணி. அது என்ன உயிரினம் என்பதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குள் ஒருபோதும் ஒற்றுமை வந்ததில்லை. அணில் என்றான் ஒருவன். நாய்க்குட்டி என்றாள் ஒருத்தி. கீரி என்று அடித்துச் சொன்ன கட்சியும் இருந்தது. வீட்டிலிருந்த சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது சாம்பல் நிறம். மோக்லியும் சாம்பல், காடும் சாம்பல், ஷேர் கான் என்கிற புலியின் வரிகள் மட்டும் கறுப்பு. இப்போது டிவிடியில் பார்க்கும்போது, அது சிவப்புப் பாண்டா என்று அட்டையே சொல்கிறது. சிக்கிமிலும் அருணாசலத்திலும் இமயமலைக் குளிரில் மரத்துக்கு மரம் தாவுகிற விலங்கு. கதை நடக்கிற மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டில் அதற்கு வேலையே இல்லை.

இந்தத் தகவல் கிச்சி மீதிருந்த பிரியத்தைக் குறைக்கவில்லை. ஆனால் என்னை வேறொரு யோசனைக்குள் தள்ளிவிட்டது. என்னவென்றே தெரியாத ஒன்றை அவ்வளவு நேசிக்க எங்களால் எப்படி முடிந்தது?

நிப்பான் அனிமேஷன் நிறுவனம் எடுத்த தொடர் அது. 1989 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி மறு ஆண்டு அக்டோபர் வரை ஓடியது. மொத்தம் 52 பகுதிகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் அதை இந்தியில் ஒளிபரப்பியது. தலைப்புப் பாடலைக் குல்ஸார் எழுத, அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர் கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். இந்தப் பெயர்களெல்லாம் பிற்பாடு தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்த தலையோடு தரையில் உட்கார்ந்த கூட்டம், அந்தப் பாட்டின் முதல் தாளம். பாட்டை எல்லோரும் பாடினோம். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. உச்சரிப்பு திருநெல்வேலி இந்தி.

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொதித்த மாநிலம் இது. அந்தப் போராட்டத்தில் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்களின் பிள்ளைகள்தாம் நாங்கள். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மோக்லியைப் பார்க்கச் சொல்லி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்து முடித்ததும் பரீட்சை வைக்கவில்லை. அது தெரியாவிட்டால் வேலை கிடையாது என்று மிரட்டவில்லை. கட்டாயம் விலகிய இடத்தில் எந்த மொழியும் வெறும் ஓசையாகிவிடுகிறது. ஓசையோடு குழந்தைகளுக்கு என்ன பகை?

ஆனால் கதை வேண்டுமே. அதற்குப் பெரியம்மா மகள் இருந்தாள். அக்காவுக்கு எங்களைவிட நாலைந்து வயது அதிகம்; இந்தி எங்களைப் போலவே பூஜ்யம். அது அவளைத் தடுத்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரமும் வாய் திறந்ததும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். “ஏல மோக்லி, நேத்தே சொன்னம்லா, ஆத்துப் பக்கம் போவாதன்னு” என்பாள் பகீரா. கிப்ளிங்கின் மூலக் கதையில் பகீரா ஆண் சிறுத்தை. ஜப்பானியர்கள் பெண்ணாக மாற்றியிருந்தார்கள். அக்கா அதை அத்தையாகவே ஆக்கிவிட்டாள். பாலு என்கிற கரடி கணக்கு வாத்தியார். கா என்கிற மலைப்பாம்புக்குத் தெருக்கோடி வீட்டு ஆச்சியின் இழுவைப் பேச்சு. ஷேர் கானுக்கு மட்டும் அக்கா பேச மாட்டாள். அந்தக் குரல் வரும்போது அவளும் வாயை மூடிக்கொண்டு கேட்பாள். அந்தக் குரலை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் பழைய தொடர்களை எல்லாம் மறுபடி போட்டதே, அப்போது மோக்லியும் வந்தான். சில பகுதிகளைப் பார்த்தேன். முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்துக்கொண்டது. பிறகு பழைய கடை ஒன்றில் ஆங்கிலக் குரலில் ஒரு டிவிடித் தொகுப்பு கிடைத்தது. மடிக்கணினியில் இப்போதெல்லாம் வட்டு போடுகிற வாயே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு டிரைவ் வாங்கிச் செருக வேண்டியிருந்தது. படம் திரையின் நடுவில் சதுரமாக நின்றது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. குல்ஸாரின் பாட்டு அதில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, அது நமக்காக மட்டும் செய்யப்பட்டது. ஆனாலும் முதல் வட்டு தொடங்கியதும் என் காது அதற்காகக் காத்திருந்தது.

முதன்முறையாக எல்லா வசனமும் புரிந்தது. ஓநாய்கள் என்ன விவாதிக்கின்றன, தபாகி என்ற நரி என்ன கோள் மூட்டுகிறது, பாலு எதற்குக் கோபப்படுகிறது, எல்லாம் தெளிவு. கதை நன்றாகவே இருக்கிறது. குழந்தைகளை ஏமாற்றாத கதை அது. சாவு வருகிறது, தலைமை மாறுகிறது, வளர்த்தவர்களுக்கு வயதாகிறது. ஆனால் நான் தேடிப்போனது அதற்குள் இல்லை. பகீரா பேசுவது அளவான, நாகரிகமான ஆங்கிலம். அத்தையின் அதட்டல் எங்கும் இல்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று கண்ணில் பட்டது. கையால் வரைந்த பழைய அனிமேஷனில் பின்னணியை ஓவியர் தாளில் தனியாகத் தீட்டுவார். நிழல், ஈரம், இலைகளின் அடர்த்தி எல்லாம் அதில் இருக்கும். அசைய வேண்டியவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் தகட்டில் தட்டையான வண்ணத்தில் வரைந்து அதன்மேல் வைத்துப் படமெடுப்பார்கள். அதனால் ஒரு பாறைக் கூட்டத்தைக் காட்டினால், எந்தப் பாறை உருளப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: அது மட்டும் கொஞ்சம் வெளிறி, ஓரக்கோடு போட்டு, மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். முறியப்போகிற கிளையும் அப்படித்தான். எங்கள் சாம்பல் நிறப் பெட்டியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. எல்லாப் பாறையும் எங்களுக்கு ஒன்றுதான். எது வேண்டுமானாலும் விழலாம். அந்தப் பயம் எங்களுக்குப் படத்தைவிடப் பெட்டி தந்தது.

இன்னொன்று. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலும் ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்திவைப்பார்கள். அப்படியானால் நொடிக்கு எட்டுப் படங்கள். பேசும்போது முகம் அசையாது, வாய் மட்டும் திறந்து மூடும். ஓடும்போது அதே ஓட்டம் மறுபடி மறுபடி வரும். 1963-இல் ஒசாமு தெசுகா ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரந்தோறும் கொண்டுவர நேரமும் பணமும் போதாமல் கைக்கொண்ட சிக்கனம், பிறகு அந்தக் கலையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. வரைந்தது மூன்றில் ஒரு பங்கு. மீதியைக் கண் நிரப்புகிறது. விட்டுவிட்ட அசைவு எதையும் நாங்கள் உணர்ந்ததில்லை. மோக்லி ஓடினான், அவ்வளவுதான்.

யோசித்தால், இந்தத் தொடருக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் இப்படி நிரப்பியவர்கள்தாம். கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர், லாகூரில் பத்திரிகையாளராக இருந்தவர். ஆனால் 1894-இல் வெளிவந்த ‘ஜங்கிள் புக்’கை எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிற ஊரில். படித்ததையும் கேட்டதையும் வைத்துச் சியோனிக் காட்டை எழுப்பினார். நூறு ஆண்டு ஆகப்போகிற நேரத்தில் டோக்கியோ ஓவியர்கள் அதற்குள் ஒரு சிவப்புப் பாண்டாவைக் கொண்டுவந்து விட்டார்கள். மோக்லியின் கையில் ஆஸ்திரேலியாவின் பூமராங்கைக் கொடுத்தார்கள். இந்தியாவில் அதற்கு இந்திப் பாட்டு கட்டினார்கள். தாமிரபரணிக் கரையில் அக்கா அதற்கு நெல்லைத் தமிழ் போட்டாள். பூமராங்கைப் பார்த்த எங்கள் தாத்தா, “வளரில்லா அது” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே தென்னைமட்டையின் வளைந்த அடிப்பகுதியை அறுத்து வீசத் தொடங்கினோம். ஒன்றும் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டில்தான் விழுந்தது.

நிரப்புவது எப்போதும் நல்லதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கிப்ளிங் காட்டை நிரப்பிய அதே கையால் இந்திய மனிதர்களைப் பற்றித் தமக்குத் தெரியாததையும் நிரப்பினார். அங்கே அவர் போட்டு நிரப்பியது ஆள்கிற இனத்தின் மேட்டிமை. பாதி தெரிந்த மனிதர்களைப் பற்றி முழுசாகத் தீர்ப்புச் சொல்லும் அந்தப் பழக்கம் அவரோடு முடிந்துவிடவும் இல்லை. நம் தெருக்களில், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்திருக்கும் பையன்களைப் பற்றிப் பேசும்போது நம் வாயிலும் அது வருகிறது. தெரியாத இடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. குழந்தைகள் கையில் இருப்பதைக்கொண்டு நிரப்புகிறார்கள்: அத்தை, வாத்தியார், ஆச்சி. தங்களுக்கு நெருக்கமானவர்களைத் தவிர வேறு சரக்கு அவர்களிடம் இல்லை. அதனால் முன்பின் தெரியாத கரடியும் வீட்டு மனிதனாகிவிடுகிறது.

அப்பா நினைவுக்கு வருகிறார். பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிறு காலையில் வருவார். நேராகப் படுக்கப் போகாமல், சட்டையைக் கூடக் கழற்றாமல், எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து மோக்லி முடியும்வரை பார்ப்பார். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். ஆலைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். இந்தியும் தெரியாது, அக்காவின் தமிழும் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. பாலு தடுமாறி விழுந்தால் சிரிப்பார். ஓநாய்க் குட்டிகள் வந்தால் கொஞ்சம் முன்னால் குனிந்துகொள்வார். அவருக்கு அதில் என்ன கதை ஓடியது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அவர் எதையும் விளக்குகிறவர் இல்லை. அவர் போன பிறகு, அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பழைய சம்பளச் சீட்டுகளையும், டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதங்களையும் எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பல விஷயங்கள் தெரிந்தன. எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு, எந்த ஆண்டு எதை விற்றார். எல்லாம் முக்கியமானவை. ஆனால் அவற்றில் ஒன்று கூடத் தெரியாத வயதில் நான் அவர் மேல் வைத்திருந்த பிரியத்துக்கு அந்தக் காகிதங்கள் ஒரு துளியும் சேர்க்கவில்லை.

பெரியவர்களான பிறகு நாம் வரிசையை மாற்றிவிட்டோம் என்று தோன்றுகிறது. முதலில் புரிய வேண்டும், பிறகுதான் பிடிக்கும். படம் பார்க்குமுன் விமர்சனம் படிக்கிறோம். ஒருவரோடு பழகுமுன் அவர் ஊர், வேலை, பின்னணி எல்லாம் விசாரித்துவிடுகிறோம். கணவன் மனைவி சண்டையிலும் கடைசியில் வந்து நிற்கிற வாக்கியம், “என்னை நீ புரிஞ்சுக்கவே இல்ல” என்பதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த எங்கள் பெற்றோரில் யார் யாரை முழுசாகப் புரிந்துகொண்டார்கள்? புரியாத இடங்களைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. அம்மாவைப் பொறுத்தவரை அதில் நிறைய விட்டுக்கொடுத்தலும் இருந்தது. அதை அழகு என்று நான் எழுத மாட்டேன். இருந்தாலும், முழு விளக்கம் கிடைக்கும்வரை அன்பை நிறுத்திவைப்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றியதில்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒடியா பேசும் ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. அவர்கள் பையனும் என் மகளும் மாடிப்படியில் மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஒடியா தெரியாது. அவன் நீளமாக ஏதோ சொல்வான், இவள் “அப்ப நீதான் போலீஸ், சரியா?” என்பாள். அவன் தலையாட்டுவான். அவன் சொன்னது அதுவாக இருக்கவே வாய்ப்பில்லை. ஆட்டம் நடக்கிறது. அவனுடைய அம்மாவும் நானும் இவ்வளவு நாள் லிஃப்டில் புன்னகையோடு நிறுத்திக்கொண்டிருந்தோம். போன வாரம் அவர் ஒரு கிண்ணத்தில் பருப்பும் காய்கறியும் சேர்த்துச் செய்த ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து தந்து, கையசைவிலேயே நிறையச் சொன்னார். நானும் தமிழிலேயே நிறையச் சொன்னேன். கிண்ணத்தில் அதிரசம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மகளுக்கு மோக்லியைக் காட்டலாமா என்று ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. நம் பிரியங்களைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருநாள் அவளாகவே வந்து உட்கார்ந்தாள், கூடவே அந்தப் பையனும். அவளுக்கு ஆங்கிலம் பாதி புரியும், அவனுக்கு அதுவும் இல்லை. கிச்சி வந்ததும் இருவருக்கும் தகராறு, அது என்ன பிராணி என்று. என்னிடம் கேட்டார்கள். அட்டையை நீட்டவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

கடைசி இரண்டு வட்டுகளை இன்னும் போடவில்லை. மே மாதம் அக்கா வருகிறாள். அவள் இப்போது வங்கி மேலாளர். இந்தி, ஆங்கிலம் இரண்டும் சரளம். போனில் விஷயத்தைச் சொன்னதும், “வால்யூமக் கொறச்சு வச்சிரு, நான் பேசிக்கிடுதேன்” என்றாள். ஷேர் கான் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் யூடியூபில் நானா படேகரைத் தேடி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள்.