பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்வதில் நியாயம் எது?

சென்ற மாதம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கல்லாவுக்குப் பின்னால், அரிசி மூட்டையின் மேல் அமர்ந்து, அவருடைய ஆறு வயது மகன் பயிற்சித் தாள் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தான். மதரஸாவில் முதல் வகுப்பில் சேருவதற்குரிய பரீட்சைக்கு அவனைத் தயார் செய்கிறார்களாம். ஆங்கிலம், கணக்கு, அரபு எழுத்து என்று வாரத்தில் ஐந்து மாலைப்பொழுதுகள் அதற்கே போய்விடுகின்றன. பையன் தலையை நிமிர்த்தி, "அத்தா, நான் பாஸாகலேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டான். அந்நேரம் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். தகப்பனார் பருப்பு நிறுக்கப் போய்விட்டார். கேள்வி நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புக்குப் பரீட்சை கிடையாது. வீடு எவ்வளவு தூரம், குடும்பத்தில் யாராவது அங்கே படித்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். இடம் போதாவிட்டால் குலுக்கிப் போடுவார்கள். மதரஸாக்களோ தனியார் பள்ளிகள். 2000-ல் நிறைவேறி 2003-ல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, அவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 400 பிள்ளைகளைத்தான் முதல் வகுப்பில் எடுக்கலாம். கேட்டு வருவோர் அதிகம், இடமோ கொஞ்சம். ஆகவே பரீட்சை வைப்பவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் நம்மைப் பற்றித்தான் பேச்சு.

நாம் தராசு பிடித்துப் பிழைப்பவர்கள். பருப்பில் கல் பொறுக்கி விற்பது யோக்கியம். நல்ல மிளகாயை மேலே பரப்பி, வதங்கியதை அடியில் வைப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரீட்சையும் ஒரு தராசுதான். இந்தப் பிள்ளை இன்று எவ்வளவு தாங்கும் என்று அது நிறுக்கப் பார்க்கிறது. எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்து அனுப்பினால் அது கல் பொறுக்குவதோடு சேர்ந்தது. வரக்கூடிய கேள்விகளை ஊகித்து, விடைகளை உருப்போட வைத்து அனுப்பினால், முள் காட்டும் எடை பிள்ளையுடைய எடையல்ல. அந்தப் பொய் எடைக்கு ஏற்ற சுமையைப் பிற்பாடு சுமக்கப் போகிறவன் அவனே.

இதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். எமது மூத்த மகன் பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டு, அவனை நான்கு துணைப்பாட வகுப்புகளுக்கு அனுப்பினோம். பழைய வினாத்தாள்களை வீடு நிறைய வாங்கிக் குவித்தோம். நினைத்ததற்கு மேல் புள்ளி வந்தது. பெயர்பெற்ற பள்ளியொன்றில் இடமும் கிடைத்தது. சங்கத்தில் இனிப்புக் கொடுத்தோம். அங்கே இரண்டு ஆண்டுகள் அவன் வகுப்பில் கடைசி. அதைவிட மோசம், வீட்டில் வாய் திறக்காத பிள்ளையாகிவிட்டான். "ஒங்க முகத்தப் பாக்கப் பயமா இருந்துச்சு அத்தா" என்று பல வருஷம் கழித்து ஒரு நாள் சொன்னான். நாம் அவனை ஒரு நாளும் அடித்ததில்லை.

வேறொரு பிள்ளையையும் இங்கே நினைக்க வேண்டும். இடம் 400 என்றால், ஒருவன் உள்ளே போவது இன்னொருவன் வெளியே நிற்பதாகும். வெளியே நிற்பவன் நம் கடையில் மூட்டை இறக்குகிறவருடைய மகனாக இருக்கலாம். அவனுக்கு ஆசிரியர் வைக்க அந்த வீட்டில் பணமில்லை. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தாய்க்கு நேரமில்லை. ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற நாம், இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

"எல்லாரும் செய்யும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் என் பிள்ளையல்லவா நஷ்டப்படும்?" என்பார்கள். இதைத் தட்டிவிட முடியாது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது 2018-ல் ஏறக்குறைய 140 கோடி வெள்ளி. 2023-ல் அது 180 கோடி. இடையில், 2021-ல், அழுத்தம் குறையட்டும் என்று இறுதித் தேர்வின் புள்ளி முறையையே மாற்றினார்கள். செலவு மட்டும் குறையவில்லை. தன் பிள்ளைக்குச் செய்வது தகப்பனின் முதற்கடமை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஊருக்காக உன் பிள்ளையைப் பின்தங்க விடு என்று சொல்ல நமக்கு வாய் வராது. எதைச் செய்வது என்பதில்தான் நமக்கு வழக்கு.

நாளைக்கே அந்தப் பரீட்சை இல்லையென்று அறிவித்துவிட்டால், இன்று பிள்ளைக்குச் செய்வதைத் தொடர்ந்து செய்வோமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு, 2020-ல் கொள்ளைநோயால் நடைபெறாமல், 2021-ல் அடியோடு எடுக்கப்பட்டது. அதற்கென்று வாங்கி அடுக்கிய பயிற்சிப் புத்தகங்கள் பழைய தாளாயின. இரவில் மகளை மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டிய தாய்க்கு அதனால் ஒரு காசும் நஷ்டமில்லை.

பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். மதரஸாவில் இடம் கிடைக்காவிட்டால் அரசாங்கப் பள்ளிக்குப் போவான். வாரக் கடைசியில் பள்ளிவாசல் மதரஸாவில் மார்க்கம் படிப்பான். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படித்தோம். இதைப் பரீட்சைக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால், தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

சென்ற வாரம் இதை நண்பரிடம் சொன்னோம். "சொல்லலாம் பாய். சொன்னா அப்புறம் படிப்பானா?" என்றார். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படிக்காமலும் போகலாம், அந்த நஷ்டத்துக்குத் தகப்பன் துணிய வேண்டியதுதான் என்று பிறகு சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு மின்தராசின் முன்னால் ஒரு முக்காலியில் ஏற்றிவிட்டு, "இன்னிக்கு நீ நிறு" என்றார். ஓர் அம்மையார் முந்நூறு கிராம் துவரம்பருப்பு கேட்டார். பையன் கரண்டியால் அள்ளிப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணைப் படித்தான்.

"அத்தா, இருபது கிராம் கூட இருக்கு. எடுக்கவா?"

"இருக்கட்டும். கட்டிக் குடு."