குரலும் நினைவும்

பிறந்தார் இறத்தல் இயற்கை. இறந்தாரை மறவாதிருத்தல் மாந்தர் பண்பு. அப்பண்புக்குத் தமிழர் கண்ட பழைய வடிவம் நடுகல். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வீரனின் பெயரும் பீடும் கல்லிற் பொறிக்கப்பட்டன. கல் பேசவில்லை, அதன் முன் நின்றோரே பேசினர்.

இன்றோ நினைவு கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுள், மறைந்த தாயின் குரற்பதிவைப் பேணுவோர் பலர். இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர இயலாதவர்க்கு அக்குரலே ஆறுதல். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு உண்டு. பிரிவுத் துயருக்கு அத்தகைய கட்டு இல்லை. ஆதலின் இவ்வாறுதலில் குற்றம் காண்பார் யார்?

ஆனால், செயற்கை நுண்ணறிவு மேலும் ஒரு படி சென்றுள்ளது. இறந்தார் சொன்னதைக் காப்பதோடு நில்லாமல், சொல்லாததையும் அவர் குரலிற் சொல்ல வைக்கிறது. 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடலொன்றில், பல்லாண்டுகளுக்கு முன் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் இவ்வாறு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், 2020-இல் மறைந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை இசைவின்றி உருவாக்கியதாகத் தெலுங்குப் படக்குழு ஒன்றுக்கு அவர் மகன் எஸ்.பி.சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார்.

இசைவு பெறுதல் அறம், இதில் ஐயமில்லை. ஆயினும், பிள்ளைகளின் இசைவு மட்டும் போதுமா என்னும் வினா எஞ்சுகிறது. தந்தையின் வீடும் நிலமும் மக்களுக்கு உரியனவாகலாம். அவர் எதைச் சொல்ல விரும்பினார், எதைச் சொல்ல மறுத்தார் என்பது அவரோடு போயிற்று. பாடகர் சார்பில் வழக்காடவேனும் ஆளுண்டு. நம் வீட்டுப் பெரியவர்க்கு யார் உளர்? துயரம் தாளாத மகன் ஒருவன், “உன்மேல் எனக்கு வருத்தமில்லையப்பா” என்று தாயின் குரலில் இயந்திரத்தைக் கூறச் செய்யலாம். அச்சொல் அவனுக்கு இனிக்கும். ஆனால் மன்னித்தவள் தாயல்லள்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. பெரியவர் உள்ளபோதே அவர் விருப்பத்தைக் கேட்டறிதல் ஒன்று. அவர் பேசிப் பதிந்த சொல்லையும், பின்னர் நாம் ஆக்கிய சொல்லையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுதல் மற்றொன்று. பேரன் பேத்தியர் அறியவேண்டியது பாட்டி என்ன சொன்னாள் என்பதே. அவள் என்ன சொல்லியிருக்கலாகாதா என்று நாம் ஏங்கினோம் என்பதன்று.